படத்தின் ஓரத்தில் நின்றவர்கள்

பத்திரிகையில் படம் வெளிவருவது பிரமுகர்களுக்கு மாத்திரமே கிட்டும் பாக்கியம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பழைய தினசரி ஒன்றை எடுத்துச் சற்றே நிதானமாகப் பார்த்தால் இவ்வெண்ணம் மாறிவிடும். தலைவர் ஒருவர் மாலையும் கழுத்துமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் கூட்டத்தை விலக்குகிறவர் ஒருவர். குடை பிடிக்கிறவர் ஒருவர். யாருடைய தோளையோ பற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கும் சிறுவன் ஒருவன். படத்தின் கீழே தலைவரின் பெயரும், இருமருங்கிலும் நின்ற கனவான்களின் பெயர்களும் இடமிருந்து வலமாக அச்சாகியிருக்கும். எஞ்சியவர்களுக்கெல்லாம் சேர்த்து 'மற்றும் பலர்' என்ற இரண்டு சொற்கள். நமது தேசத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவை அவ்விரண்டு சொற்களுக்குள்தான் குடியிருக்கின்றன.

என் குடும்பமும் அங்கேதான் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு போன கதையையே நேயர்களுக்குச் சொல்லப் புகுந்தேன்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில், பருத்திப்பட்டு ஏரியை அடுத்த சிற்றூர் எங்களுடையது. இன்று அந்த ஏரிக்கரையில் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். மாலை வேளையில் ஜனங்கள் குழந்தைகளுடன் உலாவுகிறார்கள். அம்பத்தூர் 2011-ஆம் வருஷத்தில் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-ஆம் வருஷத்தில் தானே ஒரு மாநகராட்சியாயிற்று. ஆனால் எழுபது வருஷங்களுக்கு முன்பு இவையெல்லாம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஏரிப்பாசனக் கிராமங்கள். 1856-ஆம் வருஷத்திலேயே ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கிப் போட்ட ரயில் பாதை இவ்வழியே சென்றதென்றாலும், ரயில் போனதைத் தவிர வேறொன்றும் அதிகமாக நடந்துவிடவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆவடியில் ராணுவக் கிடங்குகள் ஏற்பட்டன. கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியதும் விஜயந்தா டாங்கிகள் வெளிவந்ததும் 1960-களில் நிகழ்ந்தவை. யுத்தத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடைப்பட்ட காலத்தில், ஒரு வார காலம் பாரத தேசம் முழுவதும் ஆவடியின் பெயரை உச்சரித்தது. காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மகாநாடு 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அங்கே கூடியதே அதற்குக் காரணம்.

1927-க்குப் பிறகு சென்னைச் சீமையில் காங்கிரஸ் கூடியது அதுவே முதல் தடவை. தீரர் சத்தியமூர்த்தி 1943-லேயே மறைந்துவிட்டார். மகாநாட்டு நகருக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். சௌராஷ்டிரத்தின் முதன்மந்திரியாயிருந்த ஸ்ரீ யு. என். தேபர் அக்கிராசனம் வகித்தார். ஸ்ரீ காமராஜ் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரிப் பதவியை ஏற்று ஒரு வருஷம் நிறையவில்லை. சோஷலிஸ ரீதியான சமுதாயத்தை அமைப்பதே லட்சியம் என்று காங்கிரஸ் தீர்மானித்தது அந்தப் பந்தலில்தான். அத்தீர்மானத்தைப் பற்றி அன்றும் பின்னரும் வெளிவந்த வியாசங்கள் ஏராளம். அந்த விவாதத்தில் நான் நுழையப் போவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பந்தலின் ஓரத்தில் நின்ற ஓர் ஆள்.

என் தாத்தா ஆவடி மகாநாட்டில் தொண்டராக இருந்தார், பண்டித நேருவுக்கு இரண்டடி தூரத்தில் நின்றார், அந்தப் படம் பத்திரிகையில் வந்தது: இதுதான் எங்கள் வீட்டுப் புராணம். பொங்கலுக்குப் பொங்கல் என் பெரியப்பா இதைச் சொல்லுவார். கதர்க் குல்லாய், கையில் கழி, நேருஜி தாத்தாவின் தோளைத் தட்டி ஏதோ இந்தியில் சொன்னது, இவ்வளவும் அதில் உண்டு. பத்திரிகை எங்கே என்று கேட்டால் கூரை வீட்டில் கறையான் அரித்துவிட்டதாகச் சொல்லுவார். எந்தப் பத்திரிகை என்று கேட்டால் கோபித்துக்கொள்ளுவார். தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். பாட்டி (எங்கள் பக்கத்தில் ஆயா என்பதே வழக்கம்) எனக்குப் பதினெட்டு வயதாகும் வரை இருந்தாள். இந்தக் கதையைப் பெரியப்பா சொல்லும்போதெல்லாம் அவள் வெற்றிலையை இடித்துக்கொண்டு, 'ஆமாம், ஆமாம்' என்று தலையசைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தாத்தாவின் படம் என்று எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. அக்காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் பிடித்துக்கொள்ளுவது எங்களைப் போன்றவர்களுக்குக் கைக்கெட்டாத செலவு. ஆகவே தாத்தாவின் முகத்தைக் காண வேண்டுமானால், அந்தப் பத்திரிகையைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சென்னையிலுள்ள ஒரு நூலகத்தில் அனுமதி பெற்று, பழைய தினசரிகளின் தொகுப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மாத காலம், கிடைத்த விடுமுறை நாட்களிலெல்லாம் அங்கே போனேன். பத்திரிகைக் காகிதம் மரக்கூழினால் செய்யப்படுவது. அதிலுள்ள அமிலம் நாளடைவில் காகிதத்தையே தின்றுவிடுகிறது. பழுப்பேறிய ஏடுகளைப் புரட்டும்போது ஓரங்கள் அப்பளம் போல் நொறுங்கி மேஜையில் உதிர்ந்தன. ஒரு நாள் எழுந்து நின்றபோது என் வேஷ்டி முழுவதும் 1955-ஆம் வருஷத்துத் தூள். சிற்சில நாட்களின் இதழ்கள் இல்லவே இல்லை. வேறு சிலவற்றில் படம் இருந்த இடத்தை யாரோ ஒரு புண்ணியவான் பிளேடினால் அறுத்து எடுத்துப் போயிருந்தார்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டுமென்று 1954-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு சட்டம் செய்தது. பத்திரிகைகளையும் அந்தச் சட்டத்தில் சேர்த்தது 1956-ஆம் வருஷத்தில்தான். ஆவடி மகாநாடோ அதற்கு முந்திய வருஷத்தது! பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் இன்று கிடைப்பவற்றுள் ஒரு பெரும் பகுதி, சட்டத்தினால் பிழைத்ததன்று. தனி மனிதர்களின் பைத்தியக்காரத்தனத்தினால் பிழைத்தது. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், கிடைத்த காகிதத்தையெல்லாம் சேர்த்து வைக்காமல் இருந்திருந்தால், அவர் பெயரால் 1994-இல் சென்னையில் ஏற்பட்ட ஆராய்ச்சி நூலகம் இல்லை. பழைய காகிதம் வாங்குகிறவனுடைய தராசுக்கும் சரித்திர ஆசிரியனுக்கும் நடுவில் நிற்பவர்கள் இத்தகைய மனிதர்களே.

நேருவின் படங்கள் வேண்டிய மட்டும் கிடைத்தன. விமானத்திலிருந்து இறங்கும் நேரு; திறந்த காரில் நிற்கும் நேரு; மேடையில் திண்டுமீது சாய்ந்திருக்கும் நேரு. ஒவ்வொரு படத்திலும் அவருக்கு இரண்டடி தூரத்தில் நின்ற ஒவ்வொருவரையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு சங்கடத்தைக் கண்டேன். முகத்தை எவ்வளவு பெரிதாக்கினேனோ அவ்வளவுக்கு முகம் மறைந்துபோயிற்று!

காரணம் இதுதான். அக்காலத்துப் பத்திரிகைகளில் படம் அச்சிடுவதற்கு ஹாஃப்டோன் பிளாக் செய்வார்கள். நெருக்கமாகக் கோடுகள் இழுத்த ஒரு கண்ணாடியின் வழியாகப் படத்தை மறுபடியும் படமெடுத்து, அதைத் துத்தநாகத் தகட்டிலோ செப்புத் தகட்டிலோ பதித்து, அமிலத்தினால் அரிக்கச் செய்வார்கள். தகட்டில் எஞ்சி நிற்பவை புள்ளிகள். கறுத்த இடத்தில் பெரிய புள்ளி, வெளுத்த இடத்தில் சிறு புள்ளி. தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அவை கலந்து முகமாகத் தெரிகின்றன. பத்திரிகைக் காகிதம் முரடு; மையை உறிஞ்சும். ஆகையால் அங்குலத்துக்கு 60, 65 புள்ளி வரிசைக்குமேல் வைக்க இயலாது. கூட்டத்தில் நிற்கும் ஒருவனுடைய முகம் படத்தில் கால் அங்குலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகம் முழுவதுக்கும் குறுக்கே 16 புள்ளி, நெடுக்கே 16 புள்ளி. மூக்கு, விழி, மீசை, சிரிப்பு எல்லாம் அந்த இருநூற்றைம்பது சொச்சம் புள்ளிகளுக்குள் அடங்க வேண்டும். போதாக்குறைக்கு, பிளாக் செய்வதற்கு முன்பு ஓவியர் ஒருவர் தூரிகையினால் படத்தைத் தொட்டுச் சரிசெய்வதும் உண்டு. மங்கலான கண்களுக்குக் கோடு இழுப்பார். கலங்கிய பின்புறத்தை வெள்ளையடிப்பார். நாம் உற்றுப் பார்ப்பது தாத்தாவின் புருவமா, ஓவியரின் கைத்திறனா என்பது யாருக்குத் தெரியும்?

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் ஒரு தடவை ஏமாறினேன். நேரு காரில் வரும் படமொன்றில், காரின் பின்சக்கரத்தை ஒட்டிக் குல்லாயணிந்த ஒல்லியான மனிதர் ஒருவர் கழியோடு நிற்கிறார். காதுகள் புடைத்திருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் புடைத்த காதுகள். அன்று மாலை ரயிலில் திரும்பும்போது நான் தரையிலேயே இல்லை. பெரியப்பாவிடம் எப்படிச் சொல்லுவது, படத்தை எவ்வளவு பெரிதாகச் சட்டம் போடுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வில்லிவாக்கம் தாண்டியபோதுதான், சில வருஷங்களுக்கு முன் படித்த அமெரிக்கச் செய்தியொன்று நினைவுக்கு வந்தது.

1945-ஆம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி, பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஐவோ ஜிமா என்ற தீவில், ஆறு அமெரிக்கச் சிப்பாய்கள் மலையுச்சியில் தங்கள் கொடியை நாட்டினார்கள். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஜோ ரோசென்தால் எடுத்த அந்தப் படம் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. அந்த ஆறு பேரில் ஒருவருடைய முகமும் தெளிவாகத் தெரியாது. யுத்த நெருக்கடியில் அவசர அவசரமாகப் பெயர்களைக் குறித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் பிராட்லி என்பவர். அவருடைய மகன் தகப்பனாரைப் பற்றி 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட புஸ்தகம் லட்சக்கணக்கில் விற்றது, சினிமாவாகவும் வந்தது. பிறகு நடந்ததுதான் விசேஷம். 2014-இல், ராணுவத்தோடு சம்பந்தமில்லாத இரண்டு பேர், அதே இடத்தில் அன்று எடுத்த மற்றப் படங்களை ஒப்பிட்டு, கால்சட்டையின் மடிப்பும் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். 2016-இல் கடற்படைச் சிப்பாய்ப் பிரிவே ஆராய்ந்து, படத்திலிருப்பவர் பிராட்லி அல்லர், ஹரால்ட் ஷுல்ட்ஸ் என்பவர் என்று ஒப்புக்கொண்டது. 2019-இல் இன்னொருவருடைய பெயரும் மாறிற்று. அந்த ஷுல்ட்ஸ் லாஸ் ஏஞ்சலிஸில் தபால் இலாகாவில் வேலை பார்த்து, 1995-இல் இறந்தவர். படத்திலிருப்பது தாம் என்று ஊரறியச் சொல்லிக்கொள்ளாதவர். ஒரு குடும்பம் எழுபது வருஷம் தன்னுடையது என்று எண்ணியிருந்த படம், ஒரே நாளில் வேறொரு குடும்பத்தினுடையதாகிவிட்டது.

உலகமே பார்த்த படத்தின் கதி இதுவானால், புடைத்த காதை நம்பி நான் தாத்தாவைச் சுவரில் மாட்டுவது எம்மாத்திரம்? அந்தக் குல்லாய்க்காரருக்கும் எங்கேயோ பேரப்பிள்ளைகள் இருப்பார்களல்லவா? வீட்டுக்கு வந்து நான் வாயைத் திறக்கவில்லை.

நூலகத்திலிருந்து ஏழெட்டுப் படங்களின் நகல்களைக் கொண்டு வந்திருந்தேன். அவற்றில் ஒன்றை, ஆவடியின் பழைய நிலப்பரப்பு தெரிகிறதே என்பதற்காக மாத்திரம் எடுத்திருந்தேன். மகாநாடு தொடங்குவதற்குச் சில நாள் முந்திய இதழ் அது. திடலைச் சமன்செய்யும் வேலை நடக்கிறது. நான்கு பெண்கள் தலையில் கூடையோடு வரிசையாக நடந்து வருகிறார்கள். பின்னால் மூங்கில்கள் குவிந்து கிடக்கின்றன. மகாநாட்டு ஏற்பாடுகள் நடைபெற்று வருகின்றன என்ற அளவோடு கீழேயுள்ள வரி நின்றுவிடுகிறது. பெயர் எதுவும் இல்லை. 'மற்றும் பலர்' என்ற மரியாதைகூட இல்லை.

என் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. மகாநாடு நடந்தபோது ஏழு வயதுச் சிறுமி. பொங்கல் கழிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மேஜைமேல் கிடந்த நகல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நேருவின் படங்களைச் சீக்கிரமாகத் தள்ளிவிட்டாள். இந்தப் படத்தை எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"தம்பி, இது எங்கம்மா" என்றாள்.

இடமிருந்து இரண்டாவது பெண். முகம் இருக்கும் இடத்தில் கூடையின் நிழல். நாலைந்து பெரும் புள்ளிகளைத் தவிர ஒன்றுமே தெரியாது. "முகமே இல்லையே, அத்தை?" என்றேன். அத்தை சிரித்தாள். "முகத்தை எதற்குப் பார்க்கிறாய்? கையைப் பார்" என்றாள்.

மற்ற மூன்று பெண்களும் ஒரு கையால் கூடையைப் பற்றி, மறு கையை வீசி நடக்கிறார்கள். இரண்டாவது பெண்ணின் இடது கை வீசவில்லை. முழங்கையில் மடிந்து, விலாவோடு ஒட்டி நிற்கிறது. ஆயா சிறுமியாயிருந்தபோது கிணற்றுப் படியில் விழுந்து இடது முழங்கை முறிந்து, நாட்டு வைத்தியர் கட்டிய கட்டுக்குப் பிறகும் அது முழுவதும் நீளவே இல்லை. எனக்கே அந்தக் கையைத் தெரியும். அந்தக் கையின் இடுக்கில் உட்கார்ந்து நான் சோறு உண்டிருக்கிறேன். மூன்று மாத காலம் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்த எனக்கு அது தெரியவில்லை. ஏனெனில் நான் ஆண்களின் முகங்களையே தேடிக்கொண்டிருந்தேன்.

ஐவோ ஜிமாவின் பாடம் மறக்காததால், உடனே நம்பிவிடவில்லை. பழைய பிளாக்குகளில், நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாக மாறிவிடுவதுண்டு. அப்படியானால் மடங்கியிருப்பது வலது கை. ஆகவே பெண்களின் முந்தானையைக் கவனித்தேன். நான்கு பேருக்கும் இடது தோளின்மேல்தான் கிடந்தது. படம் திரும்பவில்லை. பழைய பிளாக்கை மேஜை அறையிலிருந்து எடுத்து வேறொரு செய்திக்குப் போடுவதும் பத்திரிகைகளில் உண்டு. ஆனால் இது பத்து நாள் கழித்து நடக்கப்போகும் மகாநாட்டுத் திடல். வேறு எதற்கும் பயன்பட்டிருக்க முடியாது. கடைசியாக, எங்கள் ஊரில் ஆயாவோடு பழகிய எண்பத்தைந்து வயதுக் கிழவி ஒருத்தி இருக்கிறாள். நான் ஒரு வார்த்தையும் முன்னதாகச் சொல்லாமல், அத்தையையும் கூட்டிப் போகாமல், படத்தை மாத்திரம் அவளிடம் கொடுத்தேன். வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஆயாவின் பெயரைச் சொன்னாள். பிறகு, கேளாமலே, நான்காவது பெண்ணின் பெயரையும் சொன்னாள்.

இனி மறைந்திருந்த கதை வெளிப்பட்டது. அந்த வருஷம் கார்த்திகையிலிருந்தே தாத்தா காலில் புண் வந்து படுத்த படுக்கையாக இருந்தாராம். நிலம் அடமானத்தில் இருந்ததாம். ஆவடியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆயா விடியற்காலையில் மூன்று பெண்களோடு நடந்து போய், இருட்டிய பிறகு திரும்புவாளாம். "தலைமயிரெல்லாம் செம்மண்ணாக இருக்கும். கிணற்றடியில் நான்தான் தண்ணீர் ஊற்றுவேன்" என்றாள் அத்தை. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னை யார் கேட்டார்கள்?" என்றாள்.

பெரியப்பாவிடம் படத்தைக் காட்டும் வேலை மிஞ்சியிருந்தது. அவருக்கு எண்பத்திரண்டு வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அத்தை விஷயத்தைச் சொன்னாள். அவர் படத்தை மேஜைமீது குப்புற வைத்துவிட்டார். "எங்கம்மா மண் சுமந்தவள் என்று ஊருக்குச் சொல்லப் போகிறாயா?" என்று என்னைக் கேட்டார். நான் பேசவில்லை. தொண்டராக நின்ற தகப்பனாரை எடுத்துக்கொண்டு, கூலிக்குப் போன தாயாரைக் கொடுக்கிறேன் என்றால் எந்த மகன்தான் உடனே சம்மதிப்பான்?

இவ்விதமான வருத்தம் பெரியப்பாவுக்கு மட்டும் உரியதன்று. 1936-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலியாட்களின் கூடாரத்தில், குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை டாரதியா லாங் என்ற பெண்மணி படமெடுத்தார். பத்திரிகைகளில் வெளிவந்து உலகப் பிரசித்தியடைந்தது அப்படம். அந்தத் தாயின் பெயரை அன்று யாரும் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. அவர் பிளாரன்ஸ் தாம்ப்ஸன் என்பது 1978-ஆம் வருஷத்தில்தான் வெளிப்பட்டது. அந்தப் படத்தினால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் குறைப்பட்டார். பிள்ளைகளுக்கும் தங்கள் வறுமை ஊர் ஊராகத் தொங்குகிறதே என்று கூச்சம். 1983-இல் அவர் நோயில் விழுந்தபோது, படத்தை அறிந்த ஜனங்கள் நாடெங்குமிருந்து பணமும் கடிதங்களும் அனுப்பினார்கள். அக்கடிதங்களைக் கண்ட பிறகே பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைப் பற்றிப் பெருமை உண்டாயிற்றாம்.

எங்கள் வீட்டுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா தாமாகவே கூப்பிட்டனுப்பினார். போனதும், சம்பந்தமில்லாதவர்போல், "அந்தப் பொங்கலுக்கு எனக்கு ஒரு புதுச் சட்டை" என்று ஆரம்பித்தார். நீலக் கோடு போட்ட சட்டை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேட்டார்களாம். காங்கிரஸ்காரர்கள் அப்பாவுக்குக் கொடுத்த பணத்தில் வாங்கியது என்று அம்மா சொல்லச் சொன்னாளாம். "அப்பா பந்தலில் தொண்டராக நிற்கிறார் என்று சொல் என்றாள். நேரு பக்கத்தில் என்று நான்தான் சேர்த்துக்கொண்டேன். தோளைத் தட்டியது பிறகு வந்தது" என்றார். பதினொரு வயதுப் பையன் சொன்ன சமாதானம் எழுபது வருஷத்தில் குடும்பச் சரித்திரமாக வளர்ந்துவிட்டது. அதைக் கட்டியவளோ பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று காவல் காத்திருக்கிறாள்.

மோரீஸ் தீவில் ஒரு வழக்கம் உண்டென்று படித்திருக்கிறேன். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போனவர்களைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த சர்க்கார் படமெடுத்து வைத்தது. அப்படங்கள் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் காப்பாற்றப்படுகின்றன. கொள்ளுப் பேரர்கள் அங்கே வந்து, முன்னோரின் முகத்தையும், அவர் வந்த கப்பலையும், புறப்பட்ட கிராமத்தையும் அறிந்து செல்லுகிறார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எடுத்த படமானாலும், ஆளுக்கு ஓர் எண் உண்டு. எண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. சுதந்திர பாரதத்தின் மகாநாட்டுத் திடலுக்கு மண் சுமந்தவர்களின் படத்துக்கு அவ்வளவுகூட இல்லை என்பதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர், "அப்படியானால் நாம் எழுது" என்றார்.

படத்தின் நல்ல நகல் ஒன்றைக் கனத்த காகிதத்தில் எடுத்து வந்தேன். பின்புறத்தில் பென்சிலால், பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம் ஆகியவற்றைக் குறித்தோம். பிறகு, 'இடமிருந்து வலமாக' என்று பெரியப்பாவே தம் கைப்பட எழுதினார். இரண்டாவது இடத்தில் ஆயாவின் பெயர். நான்காவது இடத்தில் கிழவி சொன்ன பெயர். முதலாவதும் மூன்றாவதும் காலியாக இருக்கின்றன. நான்காவது பெண்ணின் பேத்தி திருமுல்லைவாயிலில் இருப்பதாகத் தெரிகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு அங்கே போகிறோம். பெரியப்பாவும் வருகிறார்.